கிரயமா, குத்தகையா?

திருச்சுழிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ள கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். குண்டாறு எங்களுக்கு அண்மையில்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அது ஆறாக இராது, மணற்பரப்பாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாவிட்டால் பருத்தியும் கம்பும் சோளமும். அதற்கும் மழை இல்லையென்றால் வேலிக்கருவையை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்க வேண்டும். இத்தகைய ஊரில், ஒரு பொருளுக்கு உடையவன் யார், அதைச் சில காலம் அனுபவிப்பவன் யார் என்ற கேள்வி மிகவும் பெரிய கேள்வி. அதைக் கருத்தில் வையாதவன் சோற்றுக்கு வழியின்றிப் போவான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் தந்தையார் ஒன்றரை ஏக்கர் புஞ்சை வாங்கினார். பத்திரம் எழுதுபவர் ஒரு பலகையின் மேல் தாளை வைத்து எழுதி முடித்து, உரத்த குரலில் வாசித்தார். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற சொற்கள் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார், "ஐயா, அந்த இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர் மறுமுறையும் வாசித்தார். அதன் பிறகே என் தந்தையார் கைந்நாட்டு வைத்தார்.

அந்தச் சொற்களின் பொருள் எனக்கு அன்று முழுவதும் விளங்கவில்லை. ஆனால் அவை இல்லாத ஏற்பாடுகளையும் நான் ஊரில் பார்த்திருந்தேன். சாலையோரத்துப் புளிய மரங்களின் மகசூலை ஏலம் எடுப்பார்கள். ஏலம் எடுத்தவருக்குப் பழம் உண்டு, மரம் இல்லை. காற்றில் முறிந்து விழுந்த கிளையைக்கூட அவர் எடுத்துக்கொள்ள முடியாது. கண்மாயில் மீன் பிடிக்கக் குத்தகை எடுப்பவருக்கு மீன் உண்டு, கண்மாய் இல்லை. பணம் கொடுத்து வீட்டை ஒத்திக்கு வாங்கியவர், பணம் திரும்பிய அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். கிரயம், ஒத்தி, குத்தகை, வாடகை என்று நம்மவர்கள் இதற்காகவே தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு வைத்தால் அதை ஊரார் ஏமாற்று என்பார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புஞ்சையும் அன்று, புளிய மரமும் அன்று. உங்களில் பலர் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஆடுகின்ற விளையாட்டுகளைப் பற்றியது. அவற்றை இணையத்தின் வழியே "வாங்குகிறோம்" என்று சொல்கிறோம். அந்த வாங்குதல் கிரயமா, குத்தகையா? இதுவே என் கேள்வி. இந்தக் கேள்வி எனக்கு எழுந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் என் தங்கை வாழ்க்கைப்பட்டாள். நெசவுக் குடும்பம். கணவர் தறியில் அமர்ந்திருக்க, அவள் தார் சுற்றிக் கொடுப்பாள். அவர்களுடைய மகன், என் மருமகன், 2011-ஆம் ஆண்டு கல்லூரியில் சேர்ந்தான். நல்ல மதிப்பெண். அவனுக்குக் கார்ப்பந்தய விளையாட்டு ஒன்றின் மேல் ஆசை. அதன் திருட்டுப் பிரதி கடைத்தெருவில் குறுந்தகடாக முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அதைத்தான் அவன் வாங்க இருந்தான். நான் தடுத்தேன். "பல நூறு பேர் இரவு பகலாக உழைத்துச் செய்த பொருள் அது. உன் தந்தை நெய்த சேலையை ஒருவன் கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவன் ஒப்புக்கொண்டான். என் தங்கை தார் சுற்றிச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். வங்கி அட்டை என்னுடையது.

அயல்நாட்டுக் கடை ஒன்றின் இணையப் பக்கத்தைத் திறந்தோம். விலை இருபது டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தினோம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தொகை கூடியிருந்தது. ஏன் என்று பார்த்தால், "பதிவிறக்கக் கால நீட்டிப்பு" என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருந்தது. அதற்கு எதிரே உள்ள கட்டத்தில் நாங்கள் தொடாமலே குறி இடப்பட்டிருந்தது. இது ஏதோ தேவையற்ற செலவு என்று எண்ணி, அந்தக் குறியை நான் நீக்கினேன். சிக்கனமாக நடந்துகொண்டேன் என்று எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. வங்கிக்காரர் அயல்நாட்டுச் செலாவணிக் கட்டணம் என்று தனியே சில ரூபாய் எடுத்துக்கொண்டார். அது போகட்டும்.

விளையாட்டின் அளவு 6 ஜிகாபைட். அவர்கள் வீட்டில் இருந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 256 கிலோபிட். பின்னிரவு இரண்டு மணிமுதல் காலை எட்டு மணிவரை அளவின்றி இறக்கிக்கொள்ளலாம் என்ற திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஏறத்தாழ 112 மெகாபைட்; ஓர் இரவில் 675. தடையே இல்லாவிட்டாலும் ஒன்பது இரவுகள் கடந்துவிடும். மின்வெட்டுக் காலம் அது. பன்னிரண்டு இரவுகள் ஆயின. பன்னிரண்டாம் நாள் காலையில் பையன் ஆடிய ஆட்டத்தைத் தெருவே வந்து பார்த்தது.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஓர் இடி. கணிப்பொறியின் வன்தட்டு போய்விட்டது. புதிய வன்தட்டுப் போட்டுக்கொண்டு, வாங்கிய விளையாட்டை மறுபடி இறக்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனான். "உங்கள் பதிவிறக்கக் காலம் முடிந்துவிட்டது" என்ற விடைதான் கிடைத்தது. காலம் நீட்டிப்பதற்குரிய கட்டணத்தை முன்பே கட்டியிருக்க வேண்டுமாம். இனி வேண்டுமானால் முழு விலையும் கொடுத்து மறுபடி வாங்கலாமாம். நான் ஒரு கடிதம் எழுதினேன். விதிமுறைகளைப் படித்துப் பார்க்குமாறு நாகரிகமாகப் பதில் வந்தது. படித்தேன். பல பக்கங்களுக்கு அப்பால், விளையாட்டு எங்களுக்கு விற்கப்படவில்லை என்றும், பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்பட்டது என்றும் எழுதியிருந்தது.

அந்த வாரமே என் மருமகன் முப்பது ரூபாய்க் குறுந்தகட்டை வாங்கிவிட்டான். "மாமா, முதலிலேயே இதை வாங்கியிருந்தால் அம்மாவின் பணமாவது மிஞ்சியிருக்கும்" என்றான். அன்று என்னால் அவனைக் கண்டிக்க முடியவில்லை. அவன் செய்தது சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். உழைத்தவனுக்குரியதைக் கொடாமல் எடுப்பது எந்தக் காரணத்தாலும் சரியாகாது. ஆனால் நேர்மையாக நடந்த ஒருவனுக்கு நட்டமும், நேர்மை தவறியவனுக்கு ஆதாயமும் வந்தபோது, நேர்மையைப் போதித்த எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. அன்று தொடங்கி இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கலானேன்.

படித்ததில் எங்களுக்கு நேர்ந்தது புதுமையன்று என்று தெரிந்தது. 2000-க்குப் பிந்திய பத்தாண்டில், விளையாட்டைத் தகடாக விற்பதை விட்டு இணையத்தில் விற்கத் தொடங்கிய காலத்தில், இந்த வழக்கம் பல இடங்களில் இருந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெருநிறுவனம்கூடத் தன் இணையக் கடையில், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகும் இறக்கிக்கொள்ள வேண்டுமாயின் "நீட்டிக்கப்பட்ட பதிவிறக்கச் சேவை" என்று சில டாலர் தனியே பெற்றுவந்தது. தகடாக விற்ற காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. தகடு நம் அலமாரியில் இருந்தது. இணையக் கடையில், விளையாட்டின் பிரதி கடைக்காரருடைய கணிப்பொறியிலும் இருக்கிறது. நம்முடைய கணிப்பொறியிலும் இருக்கிறது. நம்முடையது கெட்டால் அவருடைய வாசலில் போய் நிற்க வேண்டும்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பெரிய கணிப்பொறிகளை இரவு பகலாக ஓட்டுவதற்கு மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் பல ஜிகாபைட் அனுப்புவதற்கு அலைவரிசைக்குக் கூலி உண்டு. வறண்ட நாட்டுக்காரனாகிய எனக்கு இது நன்றாக விளங்கும். அருப்புக்கோட்டையில் குடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தண்ணீர் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. வண்டியில் கொண்டுவந்தவனுக்குக் கூலி கொடுக்க மாட்டேன் என்று அங்கே எவரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு குடம் தண்ணீரை விற்பவன், "கிணற்றையே உனக்கு விற்கிறேன்" என்று சொல்லிக் கிணற்றின் விலையை வாங்கிக்கொண்டு, மறுநாள் குடத்துக்குக் காசு கேட்டால், அதை ஒப்புவார் உண்டோ?

செலவு தாங்காது என்ற வாதமும் நெடுநாள் நிற்கவில்லை. 2003-ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம் என்ற கடை, வாங்கியவர் தம் கணக்கைக் கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணமின்றி மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்தது. வாடிக்கையாளர் அங்கே திரண்டனர். மற்றவர்களும் அந்த வழிக்கு வரவேண்டியதாயிற்று. 2008-இல் போலந்து நாட்டில் தோன்றிய ஜி.ஓ.ஜி. என்ற கடை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே வாங்கும் விளையாட்டின் நிறுவுகோப்பைப் பூட்டு எதுவும் இல்லாமல் இறக்கி, தனி வன்தட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம். நாளைக்குக் கடையே மூடப்பட்டாலும் அந்தப் பிரதி நம்மிடம் இருக்கும். ஆகவே இப்படி விற்க முடியாது என்பதில்லை; விற்க மனம் வேண்டும்.

திருட்டுப் பிரதியைத் தடுக்கவே வரம்பு வைக்கிறோம் என்பது மற்றொரு வாதம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2008 செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ஸ்போர் என்ற விளையாட்டை மூன்று கணிப்பொறிகளில் மட்டுமே செயற்படுத்தலாம் என்று விதித்திருந்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. வரம்பு பிறகு ஐந்தாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு காவல் இருந்தும், அவ்வாண்டில் திருட்டுப் பிரதியாக மிகுதியும் பரவிய விளையாட்டுகளுள் அதுவும் ஒன்றாயிற்று. திருடியவனுக்கு மூன்று என்ற வரம்பும் இல்லை. ஐந்து என்ற வரம்பும் இல்லை. வாங்கியவனுக்கே வரம்பு. ஆட்டைத் தடுக்கப் போட்ட முள்வேலி, ஆட்டை விட்டுவிட்டுத் தோட்டக்காரன் காலில் தைத்தது போன்ற கதை இது. என் மருமகனுக்கும் இதுதான் நேர்ந்தது.

இன்று மறுபதிவிறக்கத்துக்கென்று தனிக் கட்டணம் கேட்கும் வழக்கம் பெரிய கடைகளில் அருகிவிட்டது. எனவே இடர்ப்பாடு தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு உருவம் எடுத்திருக்கிறது. இன்றைய பெரிய விளையாட்டுகள் சில 100 ஜிகாபைட்டையும் கடந்துவிட்டன. நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரும் கைப்பேசித் திட்டத்தை மட்டுமே நம்பியிருக்கும் மாணவன் ஒருவன், அத்தகைய விளையாட்டை ஒரு முறை இறக்க ஐம்பது நாள்கள் ஆகும். கடைக்காரர் இலவசம் என்றாலும், கம்பிவட இணைப்பு வாராத கிராமத்து வாசலில் அது இலவசமன்று.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. பிரான்சு நாட்டு யூபிசாப்ட் நிறுவனம் 2014-இல் தி க்ரூ என்ற கார்ப்பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக ஆடுபவரும் நிறுவனத்தின் கணிப்பொறியோடு தொடர்பு கொண்டே ஆட வேண்டும் என்ற அமைப்பு. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று தங்கள் கணிப்பொறிகளை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் தகடு இருந்தது, விளையாட்டு இல்லை. அதன் பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. மறுபடி இறக்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டது.

இந்த ஒரு செயல் உலகமெங்கும் எழுப்பிய குரல் பெரிது. "விளையாட்டுகளைக் கொல்லாதீர்" என்னும் பொருள்பட ஓர் இயக்கம் 2024-இல் தோன்றியது. நிறுவனம் என்றென்றைக்கும் தன் கணிப்பொறிகளை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் தாமாகவே ஆடிக்கொள்ளத்தக்க நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்றே கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென 2025 சூலை வரை நடந்த குடிமக்கள் விண்ணப்பத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் செய்தது. 2025 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வெறும் உரிமத்தைக் கொடுத்துக்கொண்டு "வாங்கு" என்ற சொல்லைப் பொத்தானில் எழுதக்கூடாது. எழுதினால், இது உரிமமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இணையத் தொடர்பு இல்லாமலே பயன்படுத்தும்படி நிலையாக இறக்கிக்கொள்ளத்தக்க பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் கடை தன் கட்டணப் பக்கத்தில் இது உரிமமே என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டது. பாருங்கள், சட்டம் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. குத்தகையை ஒழிக்கவும் சொல்லவில்லை. குத்தகையைக் குத்தகை என்று சொல் என்றுதான் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பத்திரம் எழுதுபவர் எழுதப்படாத சட்டமாகக் கைக்கொண்டதும் இதுதான்.

நம் நாட்டின் நிலை என்ன? 2004-ஆம் ஆண்டில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையே நடந்த வழக்கில், தகட்டில் பதித்து விற்கப்படும் மென்பொருள் விற்பனைச் சரக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 மார்ச்சு 2 அன்று எஞ்சினீயரிங் அனாலிசிஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், பதிப்புரிமையை வாங்குவது வேறு, பதிப்புரிமையுள்ள பொருளின் ஒரு பிரதியை வாங்குவது வேறு என்று அதே நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இவை இரண்டும் வரி பற்றிய வழக்குகள். மறுபடி இறக்கும் உரிமையை இவை நமக்குத் தந்துவிடவில்லை. ஆயினும் உரிமம் என்று மேலே எழுதிவிட்டால் மட்டும் போதாது, கொடுக்கல் வாங்கலின் உண்மை இயல்பு என்ன என்று பார்க்க வேண்டும் என்ற வழியை இவை காட்டுகின்றன.

மறைவான கட்டணங்களைப் பற்றி நம் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2023 நவம்பர் 30 அன்று மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்டது. இணையப் பக்கங்களில் நுகர்வோரை மயக்கும் பதின்மூன்று உத்திகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. நாம் கேளாமலே ஒரு பொருளையோ சேவையையோ கூடையில் சேர்த்துவிடுவது அவற்றுள் ஒன்று. முதலில் ஒரு விலையைக் காட்டி, கடைசிப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகக் கட்டணத்தை ஏற்றுவது மற்றொன்று. 2011-இல் எங்கள் கட்டத்தில் குறி இட்டுவைத்த செயல் இன்று செய்யப்பட்டால், அது இந்தப் பட்டியலுக்குள் வரும். அரசு விதிக்கும் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியை நான் குறை கூறவில்லை. அதையும் முதலிலேயே விலையோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

குறை நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. விற்றவர் எங்கிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. விருதுநகர் மாவட்டத்துக்குரிய ஆணையம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு வழக்கா என்று கேட்பீர்கள். தார் சுற்றுகிற ஒரு பெண்ணுக்கு ஆயிரம் ரூபாய் எத்தனை நாள் கூலி என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு வெண்பா என்ற விளையாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற குழு 2023 சூலை 31 அன்று அதை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயின் கதை. தன் தாயார் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேட்டை அவள் உடன் கொண்டு போகிறாள். அது கிழிந்தும் மங்கியும் இருக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். அந்நிய மண்ணில் வளரும் மகன் தாய்மொழியை விட்டு விலகுவதும், பிறகு அந்தக் குறிப்பேட்டின் வழியாகவே திரும்பி வருவதும் அதில் வருகின்றன. 2024-இல் பிரிட்டனின் பாப்டா விருதுகளில் முதற்படைப்புக்குரிய பரிசு அதற்குக் கிடைத்தது.

அந்தக் கதையில் குறிப்பேடு எப்படி மகனிடம் வந்தது? பாட்டி எழுதியது தாய்க்கு வந்தது. தாயிடமிருந்து மகனுக்கு வந்தது. கிழிந்தாலும் அது அவர்களுடையது. எந்தக் கடைக்காரரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும் விளையாட்டை நாம் இணையக் கடையில் வாங்கினால், அந்தப் பிரதி நம் பிள்ளைக்குப் போகுமா? பெரும்பாலான கடைகளின் விதிப்படி கணக்கைப் பிறர்க்கு மாற்றுதல் கூடாது. புத்திர பௌத்திர பாரம்பரியம் அங்கே இல்லை. விளையாட்டுகளும் இன்று கதைகளைப் போலவும் நாடகங்களைப் போலவும் ஒரு மக்களின் நினைவைத் தாங்கத் தொடங்கிவிட்டன. நினைவைக் குத்தகைக்கு எடுப்பது நல்லதன்று. அதனால்தான் இதைச் சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்குச் சண்டை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மாணவ நண்பர்களே, "வாங்கு" என்ற பொத்தானை அழுத்துமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் உள்ள தொகை முதற்பக்கத்தில் கண்ட தொகைதானா? என் கணிப்பொறி கெட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாமா, எத்தனை முறை, எத்தனை நாளுக்குள்? இணையத் தொடர்பு இல்லாமல் ஆட முடியுமா? கடை மூடப்பட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? விடை நல்லதாக இருந்தால் மகிழ்ச்சியோடு விலை கொடுத்து வாங்குங்கள். திருட்டுப் பிரதியை நாடாதீர்கள். விடை திருப்தியாக இல்லாவிட்டால், குத்தகைக்கு உரிய விலை இதுதானா என்று எண்ணிப் பாருங்கள். குத்தகைக்கு எடுப்பதில் இழிவு இல்லை. கிரய விலை கொடுத்துக் குத்தகை எடுப்பதில்தான் நட்டம். இறக்கிய கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளக் கடை இடம் கொடுத்தால், ஒரு வன்தட்டில் அன்றே எடுத்து வையுங்கள். ஐப்பசி இடி ஆண்டுதோறும் வரும்.

உங்களில் சிலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள்; சிலர் இத்தகைய கடைகளை நடத்தவும் கூடும். உங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. அந்தச் சிறிய எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். அதனால் சில விற்பனை குறையலாம். ஆனால் முப்பது ரூபாய்க் குறுந்தகட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பையனைப் பார்த்து, "அது வேண்டாம், நேர்மையாக வாங்கு" என்று சொல்லுகிற மாமன்மாருக்கு நாவில் வலு இருக்கும்.

என் தந்தையாரின் கிரயப் பத்திரம் இன்னும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. ஓரம் செல்லரித்துவிட்டது. அவர் எழுத்தறியாதவர், ஆயினும், "அந்த இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்" என்று கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்தறிந்த நான் 2011-இல் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.